சேற்றில் நிமிர்ந்து நிற்கும் படகா, ஆழத்தில் மிதக்கும் படகா: மூன்று பழைய பாய்மரப் படகுகள் ஓர் ஒப்பீடு

ஐம்பது வயதைக் கடந்த, இருபத்தாறு அடி நீளமுள்ள ஒரு பாய்மரப் படகை இன்று பிரிட்டனில் பழைய கார் ஒன்றின் விலைக்கு வாங்கிவிடலாம். அதில் நான்கு பேர் படுத்துறங்கலாம். சிறிய அடுப்பும் கழிப்பறையும் டீசல் எஞ்சினும் இருக்கும். காலநிலை ஒத்துழைத்தால் வட கடலைக் கடந்து ஹாலந்துக்கே போய் வரலாம். 1960களிலும் 70களிலும் கட்டப்பட்ட ஃபைபர்கிளாஸ் உடல்கள், அந்தப் புதிய பொருளின் வலிமை எவ்வளவு என்று கட்டியவர்களுக்கே சரிவரத் தெரியாத காலத்தில் தேவைக்கு மேல் தடிமனாக வார்க்கப்பட்டவை. அதனால்தான் அவை இன்னும் மிதக்கின்றன. வாங்கியவர்கள் ஏமாறுவதும் பெரும்பாலும் உடலில் அல்ல, வேறிடங்களில்தான்.

நான் எசெக்ஸ் கரையில் ஆறு படகோட்டப் பருவங்கள் ஒரு வெஸ்டர்லி சென்டாரை வைத்திருந்தவன் என்பதால், அண்மையில் என் மைத்துனர் தமக்கொரு படகு தேடத் தொடங்கியபோது என்னிடம் வந்தார். அவருடைய பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்தன: வெஸ்டர்லி சென்டார், ஆல்பின் வேகா, கான்டெஸா 26. மூன்றுமே ஏறத்தாழ ஒரே நீளமும் ஒரே காலமும் உடையவை. மூன்றுக்கும் நல்ல பெயருண்டு. நல்ல காற்றில் மூன்றும் மணிக்கு ஆறு கடல் மைல் அளவில்தான் ஓடும். அவர் கேட்டது எது சிறந்த படகு என்று. படகை எங்கே கட்டி வைக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் இம்மூன்றையும் ஒப்பிடுவதில் பயனில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையை அறியாதவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். பிளாக்வாட்டர், கிரௌச், டெபன் போன்ற ஆற்று முகங்களில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. முழுநிலவு, அமாவாசை நாட்களை ஒட்டி கிரௌச் ஆற்றின் பர்ன்ஹாமில் நீர்மட்டம் ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயர்ந்து தாழும். காலையில் படகு மிதந்த இடத்தில் மதியம் பளபளக்கும் சேறுதான் கிடக்கும். எப்போதும் நீர் நிற்கும் ஆழமான பகுதி ஒடுங்கியது. அங்கே மிதவைக் கட்டுமிடம் கிடைக்கப் பல ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. மரீனா எனப்படும் தனியார் படகுத்துறையில் உடனே இடம் கிடைக்கலாம். ஆனால் அங்கே வாடகையைப் படகின் மதிப்பைப் பார்த்து வாங்குவதில்லை, நீளத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். மூவாயிரம் பவுண்டுப் படகும் எண்பதாயிரம் பவுண்டுப் படகும் எட்டு மீட்டரென்றால் கட்டணம் ஒன்றுதான். எனவே மலிவான படகை மரீனாவில் வைப்பவர் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே படகின் விலையை வாடகையாகக் கொடுத்துவிட நேரும். வற்றும்போது சேற்றில் இறங்கும் கட்டுமிடத்துக்கோ இதில் சிறு பங்குதான் ஆகும்.

இங்கேதான் படகின் ஏரா, அதாவது அடியில் நீளும் துடுப்பு போன்ற பகுதி, முடிவைத் தீர்மானிக்கிறது.

சென்டாருக்கு ஏரா இரண்டு. உடலின் இருபுறமும் சற்றே வெளிநோக்கிச் சரிந்த இரண்டு வார்ப்பிரும்புத் துண்டுகள் அடியில் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். நீர் வற்றினால் படகு அந்த இரண்டு கால்களில் நிமிர்ந்து நிற்கும், உள்ளே தேநீர்க் கோப்பை சரியாது. ஆழத் தேவை 0.91 மீட்டர் மட்டுமே. இரண்டாம் உலகப் போரில் கடற்படை அதிகாரியாக இருந்த டெனிஸ் ரேனர் தொடங்கிய வெஸ்டர்லி நிறுவனத்துக்காக, லாரன்ட் ஜைல்ஸ் வடிவமைப்பகம் உருவாக்கிய படகு இது. 1969 முதல் 1980 வரை 2,444 படகுகள் கட்டப்பட்டன. இரட்டை ஏராப் படகுகள் காற்றை எதிர்த்துப் போகத் தெரியாதவை என்ற பழைய குற்றச்சாட்டைத் தீர்க்க, ஏராக்களின் வடிவத்தைச் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் நீர்த்தொட்டியில் சோதித்துத்தான் முடிவு செய்தார்கள். அதன் பலனைக் கடலில் உணர முடியும். காற்றில் சாயும்போது தாழும் பக்கத்து ஏரா செங்குத்தாகி நீரை நன்றாகப் பிடிக்கிறது. இருந்தும் ஒற்றை ஏராப் படகு ஒன்று பக்கத்தில் போகும்போது, சென்டார் காற்று தள்ளும் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இதை மறைத்து எழுதுவதில் யாருக்கும் நன்மையில்லை.

சென்டாரின் உள்ளிடம் அந்தக் காலத்தில் வியப்பாகப் பேசப்பட்டது. அகலம் 2.57 மீட்டர், ஏறத்தாழ ஆறடி உயரமுள்ளவர் நிமிர்ந்து நிற்கலாம், எடை மூன்று டன்னுக்குச் சற்று மேல், அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஏராக்களின் இரும்பு. பிள்ளைகளோடு மழைநாளில் உள்ளே அடைபட்டுக் கிடக்க நேர்ந்தால் இந்த அளவுகளின் பொருள் புரியும்.

இனி அதன் நோயைச் சொல்கிறேன். என் மூன்றாம் பருவத்தில் அடித்தளக் குழியில் எப்போதும் ஒரு கிண்ணம் நீர் நிற்கத் தொடங்கியது. மழைநீர் என்று நினைத்து ஜன்னல்களின் ரப்பரை மாற்றினேன். சென்டாரின் ஜன்னல்கள் ஒழுகுவது வழக்கம் என்பதால் அது நியாயமான ஐயமாகவும் இருந்தது. பிறகு ஒரு நாள் அந்த நீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தபோது உப்புக் கரித்தது. படகை மேலேற்றிய பணிமனையில் வெளிப்புற விரிசலில் பசை தடவி வண்ணம் பூசிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே விரிசல் மீண்டும் திறந்தது. காரணம் எளியது. நாளுக்கு இருமுறை படகு சேற்றில் இறங்கி எழும்போது, வெளிநோக்கிச் சரிந்த ஏராக்களைச் சேறு நெம்புகிறது. பக்கத்து அலை ஆட்டும்போது இன்னும் கடுமையாக நெம்புகிறது. ஏராக்கள் உடலோடு சேரும் வேர்ப்பகுதி போதிய குறுக்குத் தாங்கல் இல்லாமல் கட்டப்பட்டிருப்பதால், ஐம்பது ஆண்டுகளில் அங்கே ஃபைபர்கிளாஸ் வளைந்து வளைந்து களைத்துவிடுகிறது. வெளியிலிருந்து தடவும் பசை இதைத் தீர்க்காது. ஏராக்களைக் கழற்றி, உள்ளே ஏராவுக்கு ஏரா குறுக்கு விலாக்களைக் கண்ணாடியிழையும் எப்பாக்ஸியும் கொண்டு அடுக்கி வார்த்து, புதிய போல்ட்டுகளும் அகலமான எஃகுத் தகடுகளும் இட்டு மீண்டும் பொருத்துவதுதான் வழி. அதைச் செய்தபின் என் படகு சொட்டு நீர்கூடக் கசியவில்லை. எனவே சென்டார் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது இந்த வேலை நடந்ததா என்பதையும், நடந்திருந்தால் அதன் புகைப்படங்களையும் ரசீதையும்தான். நடந்திருந்தால் அந்தப் படகுக்கு ஆயிரம் இரண்டாயிரம் பவுண்டு கூடுதலாகக் கொடுப்பது நட்டமல்ல.

ஆல்பின் வேகா ஸ்வீடனில் பெர் புரோஹேல் வடிவமைத்தது. 1979 வரை ஏறத்தாழ 3,450 கட்டப்பட்டதாகக் கணக்கு. நீளம் 8.25 மீட்டர், அகலம் 2.46 மீட்டர், ஆழத் தேவை 1.17 மீட்டர், எடை 2,300 கிலோ. சென்டாரைவிட நீளம், ஆனால் கால்பங்கு எடை குறைவு. ஆகவே மெல்லிய காற்றில் வேகா புறப்பட்டுப் போய்க்கொண்டிருக்கும்போது சென்டார்காரர் எஞ்சினை முடுக்கிக்கொண்டிருப்பார். இதன் ஏரா ஒன்றுதான், நீண்டது. உள்ளிருக்கும் இரும்பை ஃபைபர்கிளாஸ் முழுவதும் மூடியிருப்பதால் துருவேறும் ஏரா போல்ட்டு என்ற கவலையே இல்லை. சுக்கான் அந்த ஏராவின் பின்விளிம்பில் தொங்குவதால், நண்டுக்கூடைக் கயிறுகளும் மிதக்கும் மரக்கட்டைகளும் அதை எளிதில் தொடுவதில்லை. உள்ளே நிற்கும் உயரம் ஐந்தே முக்கால் அடி அளவு. இருவர் இரண்டு வாரம் வாழலாம். நான்கு பேர் என்றால் ஒருவர் எழும்போது மற்றவர் உட்கார வேண்டும்.

இந்தப் படகு எவ்வளவு தாங்கும் என்ற ஐயத்துக்கு ஒரு பயணமே போதிய விடை. மேட் ரதர்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் 2011 ஜூனில் அனாபலிஸிலிருந்து ஒரு பழைய வேகாவில் தனியாகப் புறப்பட்டு, கனடாவின் வடக்கே வடமேற்குக் கடல்வழியாகவும் தெற்கே ஹார்ன் முனையைச் சுற்றியும், எங்கும் கரையேறாமல் 309 நாட்களில் இரு அமெரிக்கக் கண்டங்களையும் வலம் வந்து 2012 ஏப்ரலில் திரும்பினார். அவருடைய திறமையும் ஆயத்தமும் நமக்கில்லை என்பது உண்மை. ஆனாலும் ஹாரிச்சிலிருந்து ஹாலந்துக் கரைக்கு நூற்றுச் சொச்சம் கடல் மைல் போக நினைப்பவர், படகின் அடிப்படை வடிவத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

வேகாவின் பலவீனம் பாய்மரத்தின் அடியில் இருக்கிறது. பாய்மரம் படகின் அடிவரை இறங்காமல் மேல்தளத்தின் மேல் நிற்கிறது; அதன் சுமையை ஒரு குறுக்கு உத்தரம் தாங்குகிறது. அந்த உத்தரம் காலப்போக்கில் ஈரம் ஏறித் தொய்ந்தால் தளம் கண்ணுக்குத் தெரியும்படி குழியும். பார்க்கப் போகும்போது தளத்தின் குறுக்கே ஒரு நேரான சட்டத்தை வைத்துப் பார்க்கலாம். உள்ளே கழிப்பறைக் கதவு திறக்கும்போது உரசுகிறதா என்றும் கவனிக்கலாம். இதற்குச் சீரமைப்பு உண்டு, அது ஏராவைக் கழற்றுவதை விட எளியது. எஞ்சின் பற்றியும் ஒரு சொல். பழைய வேகாக்களில் கியர்பெட்டிக்குப் பதிலாக, உந்துவிசிறி சுழலும்போதே அதன் இறக்கைகளின் கோணத்தை மாற்றி முன்னும் பின்னும் செலுத்தும் ஓர் அமைப்பு உண்டு. அழகான பொறியியல் அது; ஆனால் கெட்டுப்போனால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும்.

மூன்றில் மனத்தை மயக்குவது கான்டெஸா 26 என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஸ்காண்டிநேவிய மரப்படகான ஃபோக்போட்டின் வழியில் டேவிட் சாட்லர் வரைந்து, லிமிங்டனில் ஜெரமி ராஜர்ஸ் 1960களின் நடுவில் கட்டத் தொடங்கியது இது. 2.29 மீட்டர்தான் அகலம், ஆழத் தேவை 1.22 மீட்டர், நீண்ட ஏரா, அதன் முடிவில் படகின் பின்பலகையோடு சேர்ந்த சுக்கான். அலையை எதிர்கொள்ளும்போது அது அறைபடுவதில்லை, பிளந்துகொண்டு போகிறது. 1985இல் பதினெட்டு வயதில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட டானியா ஏபி, இதே வடிவத்தில் கனடாவில் கட்டப்பட்ட படகில்தான் உலகைச் சுற்றி 1987 நவம்பரில் திரும்பினார். கடலைத் தாங்கும் திறன் மட்டுமே அளவுகோல் என்றால் இக்கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம்.

ஆனால் அந்தக் குறுகிய உடலுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. சமையல் என்பது குனிந்தோ மண்டியிட்டோ செய்யும் வேலை. நீர்மட்டத்திலிருந்து தளத்தின் உயரம் குறைவு, ஆதலால் சற்றுக் காற்றெழுந்தாலும் படகின் முன்முனையைத் தாண்டி நீர் வந்து முகத்தில் விழும். எஞ்சினில் பின்னோக்கி ஓட்டும்போது நீண்ட ஏரா சுக்கானுக்குக் கீழ்ப்படிய மறுக்கும். மரீனாவின் ஒடுங்கிய சந்துகளில் இது வியர்க்க வைக்கும். பெயரின் பெருமையால் விலையும் மற்ற இரண்டைவிடக் கூடுதலாகவே கேட்கப்படுகிறது. நீர் வற்றிச் சேறாகும் இடத்தில், தரை சற்றே இறுகியிருந்தால் இப்படகும் வேகாவும் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். மிகவும் குழைந்த சேற்றில் ஏரா புதைந்து ஓரளவு நிமிர்ந்து நிற்பதுண்டு, பக்கங்களில் மரக்கால்கள் பூட்டி நிறுத்துவோரும் உண்டு; நாளுக்கு இருமுறை என்று ஆண்டு முழுதும் அதை நம்பி ஒரு படகை வைக்க நான் துணியமாட்டேன்.

மூன்றுக்கும் பொதுவான செலவுகளில் எஞ்சின்தான் தலையாயது. பல சென்டார்களில் முதலில் வந்த வோல்வோ பென்டா இரண்டு சிலிண்டர் டீசலைப் போல, அக்கால எஞ்சின்கள் பெரும்பாலும் கடல்நீரையே நேரடியாக உள்ளிழுத்துக் குளிர்பவை. ஐம்பதாண்டு உப்பு உள்ளே நீர்வழிகளை அரித்தும் அடைத்தும் வைத்திருக்கும். புது டீசல் எஞ்சின் வாங்கிப் பொருத்தி முடிக்கும் செலவு படகின் விலையையே தாண்டக்கூடியது. ஆகையால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் எஞ்சின் மாற்றப்பட்ட படகு விற்பனைக்கு வந்தால், மற்றக் குறைகள் பலவற்றை மன்னிக்கலாம். அடுத்தது பாய்மரத்தை நிறுத்தி வைக்கும் எஃகுக் கம்பிகள்: அவை முனைக்குழலுக்குள் நுழையும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளரிப்பு ஏற்பட்டு, ஒரு நாள் எச்சரிக்கையின்றி அறும். வயதான கம்பிகளோடு முழுக் காப்பீடு தரப் பல நிறுவனங்கள் மறுக்கும் அல்லது படகைச் சோதித்து மதிப்பிடும் சர்வேயரின் அறிக்கை கேட்கும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் படகின் அடிக்குழியில் போய்த் தேங்கும். பழைய ரப்பர்க் குழாயையும் இணைப்புகளையும் வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிட வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

புதிதாக வாங்குவோர் மிகவும் அஞ்சுவது ஆஸ்மோசிஸ் எனப்படும் கொப்புளங்களைக் கண்டு. நீர் மெல்ல ஊடுருவி உள்ளிருக்கும் பிசினோடு வினைபுரிந்து, மேற்பூச்சின் கீழே அமிலநீர்க் கொப்புளங்களை உண்டாக்குகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கும். விலையைக் குறைத்துக் கேட்கக் காரணமாகும். ஆனால் தடித்த பழைய உடல் அதனால் உடைந்து மூழ்குவது மிக அரிது. கொப்புளம் உள்ள, ஆனால் ஏரா வேரும் பாய்மர உத்தரமும் எஞ்சினும் நலமாக உள்ள படகை, பளபளக்கும் வண்ணத்தின் கீழே இவை மூன்றும் தளர்ந்த படகுக்கு மாற்றாக நான் தயங்காமல் எடுப்பேன்.

மைத்துனரின் பட்டியலில் இல்லாத நான்காவது வாய்ப்பு ஒன்றையும் பேச வேண்டியிருந்தது: இலவசப் படகு. பணிமனை மூலைகளில் பச்சை படிந்து கிடக்கும் படகுகளை, எடுத்துப்போனால் போதும் என்று தருவார்கள். கைவேலை தெரிந்தவருக்கு ஆசை வரும், எனக்கும் வந்ததுண்டு. ஆனால் பாய், கம்பி, எஞ்சின், மின்வயர், மெத்தை என்று சேர்த்துப் பார்த்தால், யாரோ ஒருவர் அன்போடு செலவழித்துப் புதுப்பித்த படகை வாங்குவதற்கு ஆவதைவிட இரண்டு மூன்று மடங்கு ஆகும். அதோடு கடலில் கழித்திருக்கக்கூடிய இரண்டு கோடைகளும் போய்விடும். பாதியில் கைவிட்டால் அந்த ஃபைபர்கிளாஸ் உடலை அழிக்கவும் பணம் கட்ட வேண்டும். பிரான்சில் பழைய படகுகளைப் பிரித்தழிக்க 2019 முதல் ஒரு தேசிய ஏற்பாடு உண்டு; பிரிட்டனில் அந்தச் சுமை பெரிதும் கடைசி உரிமையாளர் தலையில்தான்.

மைத்துனருடைய மனம் கான்டெஸாவில் இருந்தது என்பதை நான் முதலிலேயே அறிவேன். அவரும் மனைவியும் மட்டும் போவதாயிருந்து, ஆழ்நீர்க் கட்டுமிடமும் கையில் இருந்திருந்தால், நான் வேகாவைச் சொல்லியிருப்பேன். இந்தக் கரைக்கும் எதிர்க்கரைக்கும் இடையே பயணம் செய்ய மூன்றிலும் மிகச் சமநிலையான படகு அதுதான் என்பது என் கருத்து. தனியாக நெடுந்தூரம் போகக் கனவு காண்பவருக்கு மட்டுமே கான்டெஸாவைச் சொல்வேன். ஆனால் அவருக்கு ஏழு வயதிலும் பத்து வயதிலும் பிள்ளைகள். கையில் கிடைத்திருந்ததோ பிளாக்வாட்டரின் ஓரக் கால்வாயொன்றில் பாதி நேரம் வற்றிக் கிடக்கும் சேற்றிடம். தேம்ஸ் முகத்துவாரத்தின் மணல்திட்டுகளுக்கிடையே ஓதக் கணக்குப் பார்த்துப் போகையில் மற்ற இரண்டையும்விட கால் மீட்டருக்கு மேல் ஆழத் தேவை குறைவு என்பதும் சிறிய உதவியல்ல. தவறித் தரை தட்டினாலும், கடல் அமைதியாக இருந்தால், பிள்ளைகள் சாயாத படகில் உட்கார்ந்து அடுத்த பெருக்குக்குக் காத்திருக்கலாம். ஏரா வேர்கள் வலுவூட்டப்பட்ட ரசீதும், பன்னிரண்டு ஆண்டுப் பழமையான எஞ்சினும், ஒழுகும் ஜன்னல்களும் உள்ள ஒரு சென்டாருக்கு, சர்வேயரின் அறிக்கைக்கு உட்பட்டு விலை பேசச் சொன்னேன்.

விலை பேசுவதற்கு முன் இன்னொன்றும் செய்தோம். நீர் முற்றிலும் வற்றிய ஒரு பிற்பகலில், முழங்கால்வரை ரப்பர்ப் பூட்ஸோடு அந்தச் சேற்றிடத்துக்கே இறங்கி, ஓர் ஊன்றுகோலால் இரண்டு மீட்டர் இடைவெளிகளில் குத்திப் பார்த்தோம். ஏராவுக்கடியில் ஒரு பாறையோ பழைய நங்கூரமோ புதைந்திருந்தால், புதிதாக வார்த்த விலாக்களும் ஒரு குளிர்காலத்தைத் தாங்கா. மேற்கு ஓரத்தில் கோல் எதிலோ பட்டு ஒலித்தது. தோண்டினால் யாரோ விட்டுப்போன தடித்த சங்கிலி. அதை இருவருமாக இழுத்துக் கரையேற்ற ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பெருக்கு கணுக்காலைத் தொடும்போதுதான் முடித்தோம்.